படிக்கட்டு காலியாக இருந்தால் கனவு

சவுரிராயனின் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் அந்த அம்மாள் தெருவில் ஏறக்குறைய எல்லார் கனவிலும் வந்துவிட்டார். சவுரிராயன் கனவில் மட்டும் வரவில்லை.

இந்த விஷயத்தை அவராகப் போய் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் மைக் வைத்துச் சொன்னார்கள்.

திண்டிவனத்தை ஒட்டியிருக்கிற அந்தக் கிறிஸ்தவத் தெருவில் செத்தவர் கனவில் வந்தால் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன்னால் பாவக் கடன் தீர்க்கிற இடத்தில், இருக்கும் ஆத்துமா ஜெபம் கேட்டு வந்திருக்கிறது என்று பொருள். கனவு கண்டவர் மறுநாளே கோயில்பிள்ளை பிரான்சிஸிடம் பெயர் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குமுன் பிரான்சிஸ் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாசிப்பார்: "மதலேனாள் என்கிற குப்பம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, தங்கை கலையரசி குடும்பத்தார்." மதலேனாள் என்பது ஞானஸ்நானத்தில் வைத்தது. குப்பம்மாள் என்பது கூப்பிட வைத்தது. மேலே இருப்பவர்களுக்கு ஆள் மாறிவிடக்கூடாது என்று இரண்டையும் வாசிப்பது பிரான்சிஸின் வழக்கம்.

அதாவது, யார் கனவில் யார் வந்தார் என்பது வாரம் ஒருமுறை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிற ஊர் அது. அங்கே ஆண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன் பெண்டாட்டி போய்வந்த வீடுகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார் சவுரிராயன்.

குப்பம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். உயிரோடு இருந்தபோதே ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவர். செத்த பிறகும் திருந்தவில்லை. கலையரசி கனவில் வந்து பூசை கேட்டார். பள்ளிக்கூடத்தில் தன் வேலையை இப்போது பார்க்கிற ஆயாவின் கனவில் வந்து, சோறு இன்னும் வேகவில்லை, மூடிவை என்றார். பக்கத்து வீட்டுப் பொன்னி இந்துதான். அவர் கனவிலும் வந்து மத்தி மீன் குழம்பு கேட்டார். பொன்னி மறுநாள் குழம்பு வைத்துச் சவுரிராயன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். இதில் உச்சம் வார்டு கவுன்சிலர் விருத்தாசலத்தின் கனவு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருவே திரண்டு மனு கொடுத்தும் அசையாத மனிதர் அவர். குப்பம்மாள் ஒரே ஒரு ராத்திரி போய் நின்றார். அந்த வாரமே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

"எல்லார் கெனாவுலயும் டூட்டி பாக்கறா," என்பார் சவுரிராயன். "எனக்கு மட்டும் லீவு போட்டுக்கினா."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்பவரும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். "ஆத்துமா, வேல நடக்கற எடத்துக்குத்தாங்க போவும்," என்றார் பிரான்சிஸ், இறையியல் படித்தவர் போல. "உங்களாண்ட இன்னா கேக்கறது மாமா? கேட்டாலும் மறந்துடுவீங்க," என்றார் கலையரசி. பேருந்தில் சவுரிராயனோடு ஓடுகிற டிரைவர் தேவநாதன் இன்னும் நேரடியாகப் பேசுபவர். "நீ வுடற கொறட்டைக்கு அண்ணி தெருமொனையிலயே திரும்பிப் பூடுவாங்க," என்றார்.

சவுரிராயன் விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் கண்டக்டர். பகலெல்லாம் அந்தத் தடம்தான். தூங்கினாலும் அதே தடம்தான். அதே முண்டியம்பாக்கம், அதே விக்கிரவாண்டி, அதே கூட்டேரிப்பட்டு. கனவில் ஓட்டிய ட்ரிப்புக்கு யாரும் படி தருவதில்லை. கனவு முழுக்க ஜனம் ஏறும், இறங்கும். அத்தனை ஜனத்தில் அந்த ஒரு முகம் இருக்காது.

அது மட்டும் என்றால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். சமீபமாக வேறொன்று ஆரம்பித்திருந்தது. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. அதில் குப்பம்மாள் ரேஷன் அட்டைக்கு எடுத்த முகத்தோடு நேராகப் பார்க்கிறார். கண்ணை மூடினால் சவுரிராயனுக்கு அந்த முகம்தான் வருகிறது. சிரிக்கிற முகம், திட்டுகிற முகம், தூங்கி எழுந்த முகமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அசைகிற முகமாகப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்கவும் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு கைப்பேசியில் மாதா பாட்டு தேடியவருக்கு விரல் தவறி ஒரு வீடியோ வந்து விழுந்தது. தாடி வைத்த ஒரு பையன், பின்னால் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு, பேசினான். தூங்கும்போது இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துவிட்டால் அப்புறம் கனவு உங்கள் கையில். பறக்கலாம். கடலுக்குள் நடக்கலாம். பார்க்க நினைத்தவர்களைப் பார்க்கலாம். பழகினால் யாருக்கும் வரும். இதற்குப் பெயர் லூசிட் ட்ரீமிங்.

டீ ஆறிப்போனது தெரியாமல் சவுரிராயன் அதை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார்.

"இன்னாண்ணே அது?" என்று எட்டிப் பார்த்தார் தேவநாதன்.

"கெனாவுக்குள்ள முழிச்சிக்கறதாம். லூசிட் ட்ரீமு."

"லூசு ட்ரீமா?"

"லூசிட்."

"அதான் சொல்றேன், லூசுன்னு. சரி, வண்டிய எடுக்கட்டா? இல்ல, இதும் கெனாவா?"

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து டிரைவர்கள் ஓய்வறையில் சவுரிராயனின் பயிற்சிக்கு லூசு கோர்ஸ் என்று பெயர்.

வீடியோவில் வந்த பையன் சொன்ன முதல் பாடம், பகலில் அடிக்கடி சோதித்துப் பார்ப்பது. இது நிஜமா, கனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கைவிரல்களைப் பார்க்க வேண்டும். கனவில் விரல் கூடும், குறையும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். பொத்திய மூக்கிலும் மூச்சு வந்தால் கனவு. பகலில் பழகியது ராத்திரியிலும் தானாக வரும் என்பது கணக்கு.

கம்பெனி உத்தியோகத்தில் இருப்பவர் தனி அறையில் உட்கார்ந்து தன் மூக்கைப் பொத்திக்கொண்டால் யாருக்கு என்ன? சவுரிராயன் பொத்தியது ஓடுகிற பஸ்ஸில், கருவாட்டுக் கூடையோடு ஏறிய ஒரு அம்மாளுக்கு முன்னால் நின்று.

"இன்னா கண்டெக்டரே," என்றாள் அந்த அம்மாள். "நாறுதா?"

"அது இல்லம்மா."

"ஊட்ல சொல்லி வையி, இனிமே கருவாட்டுக் கொழம்பு வெக்க வேணாம்னு. தின்னும்போது நாறாது, கூடையில இருந்தா நாறுமா உனக்கு?"

"நான் கெனாவான்னு பாத்தேம்மா."

"கெனாவா? காலங்காத்தால குடிச்சிட்டு வந்துக்கினு," என்று அந்த அம்மாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். விக்கிரவாண்டி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மூக்கை விட்டுவிட்டு விரலுக்கு மாறினார். அது இன்னும் மோசம். பயணச்சீட்டு கொடுக்கிற நேரத்தில் கண்டக்டர் தன் கையையே விரித்து வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், மீதிச் சில்லறையை அமுக்கப் பார்க்கிறான் என்றுதான் ஜனம் நினைக்கிறது.

வழி சொன்னவர் தேவநாதன். கேலி செய்கிற ஆள்தான், ஆனால் ஒரு வாரம் கேலி செய்த பிறகு, சவுரிராயன் எதற்காக இதைப் பழகுகிறார் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு கேலியை நிறுத்தவில்லை. கூடவே யோசனையும் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, மூக்கு, வெரலெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு. நம்ம தடத்துக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. நீ ஒரு நாளைக்கு எத்தினி தரம் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு கத்தற?"

"தொண்ட கிழியற வரைக்கும்."

"எவனாச்சும் போயிருக்கானா?"

சவுரிராயன் யோசித்தார். இருபத்தைந்து வருட அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே ஆறு சீட் காலியாகக் கிடந்தாலும் படிக்கட்டில் தொங்குவதுதான் விழுப்புரம் மாவட்டத்தின் மரபு. சொல்லிப் போனவன் ஒருவன் கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"போனதில்ல."

"அப்போ, எப்ப போறானோ அது கெனா," என்றார் தேவநாதன்.

தாடிப் பையனுக்குக்கூடத் தோன்றாத சோதனை இது. கூடுதல் வேலை எதுவும் கிடையாது. ஏற்கெனவே கத்திக்கொண்டிருப்பதையே கத்த வேண்டும். கத்திவிட்டு, படிக்கட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சவுரிராயன் பார்த்தார். படிக்கட்டு ஒவ்வொரு முறையும் நிறைந்தே இருந்தது. நிஜம், நிஜம், நிஜம் என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

சில நாள் கழித்து ஒரு கனவில் பேருந்து விக்கிரவாண்டியில் சாலையை விட்டுத் திரும்பி, வீடூர் அணைத் தண்ணீர் மேலேயே ஓடியது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கொக்குகள் கூடவே நடந்து வந்தன. கனவிலும் பழக்கம் விடவில்லை. உள்ள போங்க என்றார் சவுரிராயன். ஒருவரும் அசையவில்லை. ஆகவே இது நிஜம் என்று முடிவு செய்து, தண்ணீர் மேலே போனால் திண்டிவனத்துக்கு லேட்டாகுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே மீதி ட்ரிப்பையும் முடித்தார்.

காலையில் கேட்ட தேவநாதன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "தண்ணி மேல வண்டி போவுது. அப்பக்கூட உனக்கு டவுட்டு வரல."

"யாரும் உள்ள போவலியேப்பா."

"கெனாவுல வர்றவனும் நம்ம ஊரு ஆளாதான இருக்கறான்."

இதிலேயே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டேரிப்பட்டு நிறுத்தம். காலேஜ் பையன்கள் வழக்கம்போல் படியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "உள்ள போங்கப்பா," என்றார் சவுரிராயன். சொல்லி வாய் மூடவில்லை, அத்தனை பேரும் உள்ளே போனார்கள். சத்தமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக, பையை முன்னால் அணைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வரை நகர்ந்து நின்றார்கள். படிக்கட்டு கழுவிவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது.

கீழே நிறுத்தத்தில் அவர்களுடைய பிசிக்ஸ் வாத்தியார், வண்டி ரிப்பேராகி, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். சவுரிராயன் இருந்த பக்கத்திலிருந்து அவர் தெரியவில்லை.

சவுரிராயனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வந்துவிட்டது. கனவுக்குள் முழித்துக்கொண்டாகிவிட்டது. வீடியோவில் சொன்னபடி கனவு கலையாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்தார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, மூன்று வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரைக் கூப்பிட்டார்.

"குப்பு. ஏ குப்பம்மா."

ஜனம் திரும்பிப் பார்த்தது. படியேறிய வாத்தியார் ஏறின காலோடு நின்றார்.

ஐந்தாவது சீட்டிலிருந்து ஒரு கிழவி எழுந்து நின்றாள். மடியில் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. "நான்தாங்க குப்பம்மா," என்றாள். "கெடார்ல இருந்து வர்றேன். டிக்கட்டு எடுத்துட்டங்களே. இன்னா விசயம்?"

சவுரிராயன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விரல் சரியாக இருந்தது. மூட்டையிலிருந்து மண் வாசனை வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து தேவநாதனின் கண்கள் அவரைப் பார்த்தன.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் சவுரிராயன். "உக்காருங்க. மூட்டைய கீழ வெச்சிக்கங்க, கனமா இருக்கும்."

கிழவி உட்கார்ந்தாள். சவுரிராயன் விசில் ஊதினார். திண்டிவனம் வருகிற வரைக்கும் அவர் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் ஜனம் இறங்கிய பிறகு தேவநாதன் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். இந்த முறை கேலி எதுவும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"கெனான்னு நெனச்சியா?"

"ம்."

"அந்தப் பையன் பறக்கலாம்னு சொன்னான் இல்ல. நீ பறந்து பாக்கலாம்னு நெனச்சிருந்தா? படியாண்ட நின்னுக்கினு இருந்த."

சவுரிராயன் காலியான படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கெனாவோ நெசமோ, வண்டிய வுட்டு எறங்கறதுன்னா என்னக் கேட்டுட்டு எறங்கு. அண்ணி மேல சத்தியம் பண்ணு."

சவுரிராயன் சத்தியம் பண்ணினார். தேவநாதன் அதோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே இசைவாணியிடம் சொல்லிவிட்டார்.

இசைவாணி சவுரிராயனின் ஒரே பெண். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். சாயங்காலம் அப்பாவின் வண்டியிலேயே வீடு திரும்புகிறவள். அன்று வீட்டுக்கு வந்ததும், தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்த அப்பாவை, கைப்பையைக்கூட வைக்காமல் அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"எல்லாருக்கும் வர்றா. எனக்கு மட்டும்தான் வரல. போய்க் கூட்டிக்கினு வந்துடலாம்னு பாத்தேன்."

"எனக்கும்தான் வரல," என்று சொல்லத்தான் இசைவாணி வாயைத் திறந்தாள். அப்படித்தான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏனோ அன்றைக்கு அது வரவில்லை.

"எனக்கு வந்துச்சிப்பா. நாலஞ்சி தரம். பிரான்சிஸ் மாமாகிட்ட பேர் குடுத்துட்டு, வாசிக்க வேணாம்னு சொல்லிட்டேன். நீ அங்க உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருப்ப இல்ல."

சவுரிராயன் தட்டில் இருந்த சோற்றைக் கொஞ்சநேரம் பிசைந்தார்.

"இன்னா கேட்டா?"

"கேஸ ஆஃப் பண்ணியான்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பெண்ணுக்கும் வந்தது. அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்தத் தெரியாமல் கொஞ்சம் அழுதார்கள்.

அன்றிலிருந்து கோர்ஸை இசைவாணி எடுத்துக்கொண்டாள். வீடியோவை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். அப்பா பாதியிலிருந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. பகல் சோதனை பாதிப் பாடம்தான். மீதிப் பாதி படுக்கையில். தூங்கப் போகும்போது ஒரே வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: அடுத்த முறை கனவு கண்டால், அது கனவு என்று எனக்குத் தெரியும்.

"எத்தினி தரம் சொல்றது?"

"தூக்கம் வர்ற வரைக்கும்."

ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு உலகத்தில் உள்ள பயிற்சியாளர்கள் என்னென்னவோ வழி வைத்திருக்கலாம். சவுரிராயனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கனவு வாக்கியம். பெரிய மணிக்குப் பரலோக மந்திரம்.

"அப்பா, அது ஜெபமாலைப்பா," என்றாள் இசைவாணி.

"மணி மணிதானே. மாதாவுக்குத் தெரியாதா நான் இன்னாத்துக்கு உருட்டறேன்னு?"

இது திருச்சபைக்கு உடன்பாடா என்று பிரான்சிஸைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மைக்கில் வரும் என்பதால் கேட்கவில்லை.

முதல் வெற்றி ஆடி மாதத்தில் வந்தது. வெற்றி என்றால் கண் இமைக்கிற நேரத்துக்கு. கனவில் படிக்கட்டு காலியாயிற்று. இது கனவு என்று பளிச்சென்று தெரிந்தது. தெரிந்த சந்தோஷத்தில் நெஞ்சு படபடத்து அந்தக் கணமே முழித்துக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை, பஸ்ஸின் பின்வரிசையில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. குப்பு என்று வாயெடுத்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சந்தோசப்படக் கூடாதுப்பா," என்றாள் இசைவாணி. "எல்லாருக்கும் ஆரம்பத்துல அப்படித்தானாம். சந்தோசப்பட்டா கலைஞ்சிடும். மெதுவா இருக்கணும். கத்தக்கூடாது. எதையாச்சும் தொட்டுக்கினு நிக்கணும்."

"மூணு வருசம் கழிச்சிப் பாக்கப் போறேன், சந்தோசப்படாத இருன்னா?"

"அம்மா மேல கோவமா இருக்கற மாதிரி இரேன்."

"அது வேணா வரும்," என்றார் சவுரிராயன்.

கேட்க வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டார். கவுன்சிலர் ஊட்டுக்குப் போவத் தெரியுது, உன் ஊட்டுக்கு வழி தெரியலியா? நான் மறந்துடுவேன்னு கலையரசி சொல்றா, நான் எதக் குப்பு மறந்தேன்? பேருந்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். பார்த்தவர்கள் கண்டக்டர் ஏதோ ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசைக்குப் போய்வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, பாய் போட்டுப் படுத்தார். ஜெபமாலை முதல் பத்து மணிகூடத் தாண்டவில்லை.

பேருந்து விழுப்புரத்திலிருந்து கிளம்பியிருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் ஜன்னலாக விழுந்தது. கூட்டம் இருந்தது. உள்ள போங்க என்றார். போனார்கள். ஒரு ஆள் "சாரிங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அதற்கு மேல் சோதனையே தேவையில்லை. இருந்தாலும் பழக்கத்துக்காக முன்னால் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். திண்டிவனம் என்றிருந்தது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். திண்டிமனம் என்றிருந்தது. மறுபடி பார்த்தபோது எழுத்துகள் வெட்கப்பட்டுக்கொண்டு பலகையை விட்டே இறங்கிப் போயிருந்தன.

நெஞ்சு துள்ளியது. பஸ்ஸின் ஓரங்கள் ஈரக் காகிதம் மாதிரி மெலிய ஆரம்பித்தன. சவுரிராயன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி சில்லென்று இருந்தது. அதன் சில்லிப்பை மட்டும் நினைத்தார். கோபமாக இருக்கிறேன், கோபமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். ஓரங்கள் மறுபடி கெட்டிப்பட்டன.

பிறகு மெதுவாகத் திரும்பினார்.

மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் கூடை. வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, பஸ் குலுங்குகிறபோதெல்லாம் நெற்றி கம்பியில் இடிக்க, அதுகூடத் தெரியாமல் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ரேஷன் அட்டை முகம் இல்லை அது. அவர் மறந்தே போயிருந்த முகம். தூங்கும்போது மட்டும் குப்பம்மாளின் இடது புருவம் கொஞ்சம் உயரும், யாரோ கனவில் வந்து ஏதோ அநியாயம் சொல்வதுபோல. அது உயர்ந்திருந்தது.

சவுரிராயன் பக்கத்தில் போய் நின்றார். கேட்க வேண்டியவை எல்லாம் வரிசையில் நின்றன. எழுப்பினால் கேட்டுவிடலாம். எழுப்பினால், குப்பம்மாள் கண்ணைத் திறந்ததும் தனக்குத் தாங்காது, சந்தோஷம் பொங்கிவிடும், எல்லாம் போய்விடும் என்பதும் தெரிந்தது. அதுகூட இரண்டாம்பட்சம்தான். அப்படித் தூங்குகிற ஒருத்தியை எழுப்ப யாருக்கு மனசு வரும்?

எழுப்பாமல் உட்கார்ந்தார். டூட்டியில் இருக்கிற கண்டக்டர் பயணிகள் சீட்டில் உட்காரக்கூடாது, உட்கார்ந்தார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குப்பம்மாளின் தலை ஜன்னலை விட்டு இந்தப் பக்கமாக உருண்டு, அவர் தோளில் வந்து விழுந்தது. கனம் தெரிந்தது. வீடியோவில் கனவுக்கு எடை இருக்கும் என்று அந்தப் பையன் சொல்லவே இல்லை.

விக்கிரவாண்டி வந்தது. போனது. கூட்டேரிப்பட்டு வந்தது. கனவை ஆளத் தெரிந்துகொண்டவர்கள் பறக்கிறார்கள், கடலடியில் நடக்கிறார்கள், மலையை நகர்த்துகிறார்கள். சவுரிராயனிடம் கனவு முழுதாக வந்து கைகட்டி நின்றபோது அவர் அதனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி நிற்க வேண்டாம் என்றார். வண்டி நிற்கவில்லை. திண்டிவனத்தைத் தாண்டி, பெயர் தெரியாத ஊர்களின் மல்லாட்டைக் கொல்லைகள் ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தது. விசில் வாயிலேயே இருந்தது. ஊதவில்லை.

முழித்தபோது கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கலையரசி கூப்பிடுவார். சவுரிராயன் எழுந்து உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்து, தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "குப்பு வந்தா," என்றார். இசைவாணி கையிலிருந்த டீயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துட்டாளா மாமா?" என்றார் கலையரசி. "இன்னா கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல."

"பூசை கீசை?"

"கேக்கல."

"நீங்களாச்சும் கேட்டீங்களா, ஏன் இத்தினி நாளா வரலன்னு?"

"கேக்கணும்னுதான் போனேன். தூங்கிக்கினு இருந்தா. எழுப்பல."

"தூங்கினாளா?" கலையரசிக்குப் புரியவில்லை. "எங்க?"

"பஸ்சுலதான். உக்காந்துக்கினு. என் தோள்ல சாஞ்சிக்கினு."

சவுரிராயன் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்கிட்ட வர்றப்பல்லாம் நெலப்படியிலயே நிப்பா மாமா," என்றார் கலையரசி. "உள்ள வாக்கா, உக்காருக்கான்னு கெஞ்சுவேன். வேல கெடக்குதுடின்னு சொல்லிட்டுப் பூடுவா. ஒரு தரம் கூட உக்காந்ததில்ல."

"காலு வலிச்சிருக்கும்," என்றார் சவுரிராயன். "அத்தினி பேரு ஊட்டுக்கும் நடந்தே போறா இல்ல."